கால் நிலந் தோயாதார்

தேவரையும் மனிதரையும் ஒரு மண்டபத்தில் ஒருங்கே இருத்தி, அவர் அனைவர்க்கும் ஒரே உருவத்தையும் கொடுத்துவிட்டால், யார் தேவர், யார் மனிதர் என்று எங்ஙனம் அறிவது? நளன் கதை கற்றார் இவ்வினாவுக்கு விடை அறிவர். தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் நளன் உருக்கொண்டு தேவர் நால்வர் வந்து வீற்றிருந்தனர். மெய்யான நளனை அவள் கண்டுகொண்ட அடையாளங்களுள் ஒன்று அவன் கால். தேவர் கால் நிலத்தில் படுவதில்லை. மனிதன் கால் படும். இமைக்குங் கண்ணும் வாடும் மாலையும் போலவே நிலத்தைத் தொடுங் காலும் மனிதப் பிறப்பின் முத்திரையெனப் புலவர் கொண்டனர்.

சென்ற தவணையில் யான் இப்பகுதியை வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களின் காலும் மாதக்கணக்காய் நிலத்திற் படுவதில்லையே, அவர்களுக்கு என்ன ஆகும்?" என்று வினாவினாள். வகுப்பு நகைத்தது. எனக்கோ அவ்வினா நகைத்துத் தள்ளற்குரியதாகத் தோன்றவில்லை. யான் விஞ்ஞானி அல்லேன். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போன். ஆயினும் மாணாக்கர் வினாவுக்கு விடை தேடிக் கொடுத்தல் ஆசிரியன் கடன். எம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரிடம் நூல்கள் பெற்றுக் கற்றும், அவரோடு பல மாலைப்பொழுதுகள் உரையாடியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். சுருங்கச் சொல்லின் விடை இது: நிலந் தோயாத மனிதர் தேவராவதில்லை, அவர் என்பு தேய்கின்றது.

என்பு என்னும் சுவடி

என்பு என்றும் எலும்பு என்றும் நாம் வழங்கும் பொருளைப் பற்றி நம் மனத்திலுள்ள எண்ணம் பெரும்பாலும் சுடுகாட்டிலிருந்து பெற்றது. ஊன் அழிந்த பின்னும் எஞ்சிக் கிடப்பது அது. ஆதலின் அதனை உயிரற்றதென்றும், கூரையைத் தாங்கும் தூண்போல உடலைத் தாங்கி நிற்கும் சடப்பொருளென்றும் எண்ணிவிடுகின்றோம். நம் சித்த மருத்துவர் அங்ஙனம் எண்ணினாரல்லர். உடலைக் கட்டி நிற்குந் தாதுக்கள் ஏழெனக் கொண்டு, குருதியோடும் ஊனோடும் ஒரே வரிசையில் என்பினையும் வைத்தனர். இக்கால உடற்றொழிலியலும் என்பினை உயிருள்ள பொருளென்றே கொள்கின்றது.

வளர்ந்த மனிதர் உடலில் உள்ளவை 206 என்புகள். உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு அவற்றிலேயே தங்கியிருக்கின்றது. அதன் அளவு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். எஞ்சிய ஒரு பங்கு குருதியிலும் பிற உறுப்புக்களிலும் நின்று, இதயம் துடித்தற்கும் தசை சுருங்குதற்கும் உதவுகின்றது. குருதியிலே கல்சியம் குறையுமாயின் உடல் என்பிடம் கடன் வாங்கும். ஆகவே என்பு தூண் மட்டுமன்று, களஞ்சியமும் ஆகும்.

அக்களஞ்சியத்திலே இருவகைப் பணியாளர் ஓயாது தொழில் செய்கின்றனர். ஒருவகைக் கலங்கள் பழைய என்பை அரித்து அகற்றுவன. மற்றொரு வகைக் கலங்கள் அரித்த குழியிலே புதிய என்பை நிரப்புவன. எளிமை கருதி முன்னவற்றை அரிகலம் என்றும் பின்னவற்றை ஆக்குகலம் என்றும் குறிப்போம். ஓரிடத்தை அரித்து முடிக்கச் சில வாரம் போதும். அதனை நிரப்பிக் கெட்டியாக்கச் சில மாதம் வேண்டும். இவ்விரண்டும் ஒத்து நடத்தலால், வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு என்பு புதியதாகின்றது. பத்தாண்டுக்கு முன் நாம் சுமந்து திரிந்த என்புக்கூட்டின் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை.

எமக்குப் பழகிய பொருள்கொண்டு இதனை விளக்கலாம். பனையோலைச் சுவடி தானாக நிலைப்பதில்லை. செல் அரிக்கும், ஓரம் ஒடியும், எழுத்து மங்கும். ஆதலின் முன்னோர் காலத்துக்குக் காலம் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே படியெடுத்தனர். இன்று நம் கையில் உள்ள பழைய நூல்கள் அவ்வாறு மீண்டும் மீண்டும் எழுதப்பட்டமையாலேயே வாழ்கின்றன. என்பும் அத்தகைய சுவடி. வேற்றுமை ஒன்றே: ஏட்டை அரிக்குஞ் செல் பகை, என்பை அரிக்குங் கலம் பகையன்று. பழுதான ஏட்டை அகற்றிப் புதிய ஏட்டுக்கு இடஞ்செய்வது அதன் தொழில். எழுதுவோன் கை ஓய்ந்து, அரிப்பது மட்டும் தொடருமாயின் அப்பொழுதே கேடு விளையும்.

எழுதுவோனை ஏவுவது யாது?

எவ்விடத்தில் எவ்வளவு என்பு வைத்தல் வேண்டும் என்பதை ஆக்குகலத்துக்கு உணர்த்துவது யாது? இவ்வினாவின் வரலாறு சுவையானது.

இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பெரிய விலங்கின் என்பு சிறிய விலங்கின் என்பை அதே வடிவிற் பெருக்கியது போன்று இருத்தல் இயலாது, தன் உடற்பாரத்தைத் தாங்க வேண்டின் அது விகிதத்தினும் மிகுந்து தடித்தல் வேண்டும் என்று படம் வரைந்து காட்டினார். என்பின் வடிவுக்கும் சுமைக்கும் உள்ள உறவு அன்றே சுட்டப்பட்டது.

பின்னர் 1860களில் சூரிச் நகரிலே ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. ஹேர்மன் மையர் என்னும் உடற்கூற்றியலறிஞர் தொடையென்பின் தலைப்பகுதியை நெடுக்காக வெட்டி, அதனுள்ளே காணப்பட்ட நுண்ணிய வலைப்பின்னலை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாலங்களும் பாரந்தூக்கிகளும் அமைப்பதில் வல்ல கார்ல் குல்மன் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டார். வளைந்த பாரந்தூக்கி ஒன்றிற் சுமையேற்றினால் அழுத்தமும் இழுவையும் எக்கோடுகளின் வழியே செல்லுமென்று தாம் கணித்தறிந்தாரோ, ஏறத்தாழ அக்கோடுகளின் வழியே என்பின் நுண்சட்டங்களும் அமைந்திருத்தலைக் கண்டு வியந்தார். மையர் இதனை 1867 இல் வெளியிட்டார். ஜேர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் மேலும் ஆராய்ந்து, என்பு தான் தாங்குஞ் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பையும் புறவடிவையும் மாற்றிக்கொள்ளும் என்னும் விதியை 1892 இல் நூலாக்கினார். டென்னிஸ் விளையாட்டிலே பல்லாண்டு பயின்றோரின் பந்தடிக்குங் கையின் என்பு மற்றைக் கையின் என்பினும் தடித்திருத்தல் இவ்விதிக்குக் கண்கூடான சான்று.

சுமையை உணர்வது யார் என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. என்பினுள்ளே புதைந்து கிடக்கும் மூன்றாம் வகைக் கலங்கள் உள. என்பிலுள்ள கலங்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை இவையே. நுண்ணிய கால்வாய்களின் வழியே இவை ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருக்கின்றன. நாம் ஓரடி எடுத்து வைக்கும்போது என்பு கண்ணுக்குப் புலனாகா அளவில் வளைகின்றது. கால்வாய் நீர் அசைகின்றது. அவ்வசைவை இக்கலங்கள் உணர்கின்றன. அசைவு அற்றுப்போயின், ஆக்குகலத்தின் கையைத் தடுக்கும் ஸ்கிளெரொஸ்டின் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. எனவே நாம் நடக்கும் ஒவ்வோரடியும் என்புக்கு விடுக்கும் ஒரு கட்டளை என்றே கொள்ளல் வேண்டும்.

நிறையின்மை என்பது யாது?

அக்கட்டளை அறவே நின்றுபோகும் இடம் ஒன்று உண்டெனின் அது விண்வெளி நிலையமே. ஆங்கே புவியீர்ப்பு இல்லை என்று பலரும் கூறுவர். அது பொருந்தாது. சர்வதேச விண்வெளி நிலையம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றது. அவ்வுயரத்திலும் புவியீர்ப்பு நிலத்தில் உள்ளதில் நூற்றுக்கு 90 பங்களவு இருக்கின்றது. அங்ஙனமாயின் வீரர் மிதப்பது எவ்வாறு?

ஒரு சிறுவன் கையிலே தேங்காய் ஒன்றை ஏந்திக்கொண்டு மதிலிலிருந்து குதிக்கின்றான் என்று கொள்வோம். மதில்மேல் நின்றபோது தேங்காய் அவன் கையை அழுத்தியது. குதித்துக் கீழ்வரும் அச்சிறு பொழுதில் அஃது அழுத்தாது. ஏனெனில் கையும் தேங்காயும் ஒரே வேகத்தில் வீழ்கின்றன. விண்வெளி நிலையமும் அதனுள் இருப்போரும் ஓயாது வீழ்ந்துகொண்டே இருக்கின்றனர். எனினும் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்திற் பக்கவாட்டிற் செல்லுதலால், வீழும் வழி உலகின் வளைவோடு ஒத்துச் செல்ல, நிலத்தை அடையாமல் 90 நிமிடத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றிவருகின்றனர். வீழ்வாரைத் தாங்குவது ஒன்றுமில்லை. தாங்குவது இல்லையாகவே கால் எதனையும் அழுத்துவதில்லை; இடுப்பு உடலைச் சுமப்பதில்லை; முள்ளந்தண்டு தலையைத் தாங்குவதில்லை. தொடையென்பைப் பொறுத்தவரையில் அதன் எசமான் தொழிலை மூடிவிட்டான்.

விண்ணுக்கு முன்னே கட்டில்

மனிதன் விண்ணுக்குச் செல்வதற்கு முன்னரே இதன் விளைவை ஒருவாறு அறிந்தோர் மருத்துவர். 1948 இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயற்ற இளைஞர் நால்வரை இடுப்பிலிருந்து கால்வரை சாந்துக் கட்டுப் போட்டு ஆறேழு வாரம் கட்டிலிலே கிடத்தினர். உணவிற் குறைவில்லை. ஆயினும் அவர் உடலிலிருந்து கல்சியம் சிறுநீர் வழியாக மிகுதியாய் வெளியேறியது. நோயினாலன்றி, அசைவின்மையாலேயே என்பு கரையும் என்பது இதனாற் புலனாயிற்று. அவ்வாய்வினை நடத்தியோருள் ஒருவர் டொனால்ட் வீடன். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

யூரி ககாரின் 1961 ஏப்ரில் 12 ஆம் நாள் உலகைச் சுற்றிவந்த செலவு 108 நிமிடமே. அத்துணைச் சிறுபொழுதில் என்புக்கு ஒன்றும் நேராது. நாட்கள் நீண்டபோதே ஐயம் எழுந்தது. 1965 இல் அமெரிக்காவின் ஜெமினி கலங்களிற் சென்று 4 நாள், 8 நாள், 14 நாள் தங்கி மீண்டோரின் குதிகால் என்பை எக்ஸ்கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டனர். முதலிற் கூறப்பட்ட இழப்பு அச்சந் தருவதாயிருந்தது. பின்னர் மீள ஆராய்ந்தபோது அவ்வளவு மிகையென்று கண்டு குறைத்தனர். 1970 யூன் மாதத்தில் நிக்கலாயெவ், செவஸ்தியானொவ் என்னும் சோவியத் வீரர் இருவர் ஏறத்தாழ 18 நாள் சுற்றி மீண்டபோது, பிறர் துணையின்றி நிற்கவும் இடர்ப்பட்டனர். இதயமும் தசையும் தளர்ந்தமை அவ்விடருக்குக் காரணம். இனி நீண்ட செலவுகளை மேற்கொள்வோர்க்கு யாது நேருமோ என்னும் கவலை அப்பொழுது வலுத்தது.

ஐயந் தீர அளந்தறிந்தது 1973, 1974 ஆம் ஆண்டுகளில். 'ஸ்கைலாப்' என்னும் அமெரிக்க நிலையத்திலே மும்மூன்று பேராக மூன்று குழுவினர் முறையே 28, 59, 84 நாட்கள் தங்கினர். உண்ட உணவு அனைத்தும் கணக்கிடப்பட்டது. கழித்த மலசலமும் சேர்க்கப்பட்டு நிலத்துக்குக் கொணரப்பட்டது. உட்சென்ற கல்சியம் எவ்வளவு, வெளிவந்த கல்சியம் எவ்வளவு என்று வணிகன் ஐந்தொகை பார்ப்பதுபோலப் பார்த்தனர். இவ்வாய்வின் தலைவர் முன்னர் நாம் குறித்த வீடன். கட்டிலிற் கண்டதையே அவர் விண்ணிலும் கண்டார். சிறுநீரிற் கல்சியம் மிகுந்தது. நாள் செல்லச் செல்ல வரவினுஞ் செலவு விஞ்சியது. குதிகால் என்பு சிலர்க்கு நொய்தாயிற்று. மணிக்கட்டு என்புக்கோ யாதும் நேரவில்லை.

தேய்வின் கணக்கு

உருசியரின் 'மீர்' நிலையம் 1986 முதல் 2001 வரை விண்ணில் இருந்தது. மாதக்கணக்கில் ஆங்குத் தங்கி மீண்டோரை அளந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: முள்ளந்தண்டிலும் இடுப்பிலும் தொடையென்பின் மேற்பகுதியிலும் மாதமொன்றுக்கு நூற்றுக்கு 1 முதல் 1.6 பங்குவரை என்பு குறைந்தது. கையென்பிற் குறிப்பிடத்தக்க குறைவில்லை. காரணம் வெளிப்படை. நிலத்திலே உடலைச் சுமப்பவை காலும் இடுப்பும்; அவை வேலையிழந்தன. விண்ணிலே பற்றிப் பிடித்து நகரவும் கருவி இயக்கவும் பயன்படுவது கை. அதன் தொழில் குன்றவில்லை. உடலின் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வந்த வேலையின் அளவுக்கே கூலி பெற்றது.

மாதம் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் அஃது ஒரு பொருட்டா எனலாம். மாதவிலக்கு நின்ற மகளிர்க்கு ஓராண்டில் நேரும் இழப்பு ஏறத்தாழ இவ்வளவே. கிழவிக்கு ஓராண்டில் நேர்வது, தேர்ந்தெடுத்த உடல்வலி படைத்த வீரனுக்கு ஒரு திங்களில் நேர்கின்றது. ஆறு திங்களில் தொடையென்பின் சில பகுதி நூற்றுக்கு ஒன்பது பங்குவரை குறையக்கூடும். கரைந்த கல்சியமோ சிறுநீரகத்தின் வழியே செல்லுதலால் ஆங்குக் கல் உண்டாகும் அபாயமும் கூடும். இவையனைத்தும் நிகழும்போது வலி என்பது சிறிதும் இல்லை. பல்வலி போலவோ தலையிடி போலவோ முன்னறிவித்து வருவதன்று இது. ஓசையின்றி நடக்குங் களவு.

மறித்து நிறுத்தும் முயற்சி

அக்களவை மறிக்கும் வழிகளை அறிஞர் பல்லாண்டாகத் தேடினர். வலேரி பொல்யாக்கொவ் என்னும் உருசிய மருத்துவர் 1994 சனவரி முதல் 1995 மார்ச் வரை 437 நாள் மீர் நிலையத்தில் இருந்தார். ஒரே செலவில் மிக நீண்ட நாள் விண்ணில் தங்கியவர் என்னும் பெயர் அவருக்கு உண்டு. ஒழுங்காக உடற்பயிற்சி செய்து வந்த அவர், நிலத்திற் கலம் இறங்கியபின் சில அடி தூரம் தாமே நடந்து சென்று நாற்காலியில் அமர்ந்தார். செவ்வாய்க்குச் செல்லும் மனிதனும் இறங்கி நடத்தல் கூடும் என்பதைக் காட்டுதல் அவர் நோக்கம்.

இன்று விண்வெளி நிலையத்தில் இருப்போர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் உடற்பயிற்சிக்கென ஒதுக்கப்படுகின்றது. உடலை வாரினாற் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடும் பட்டிமீது ஓடுகின்றனர். 2008 இறுதியில் ஒரு புதிய கருவி ஆங்கு அனுப்பப்பட்டது. நிறையற்ற இடத்திலே இரும்புக் குண்டைத் தூக்குதல் பயனற்றதாகையால், வெற்றிட உருளைகளின் இழுவையைச் சுமையாக்கித் தருவது அக்கருவி. 270 கிலோகிராம் வரை அதிற் சுமையேற்றலாம். அதிற் பயின்று, போதிய உணவும் விற்றமின் டியும் கொண்டோர் பெரும்பாலும் என்பின் அளவைக் காத்துக்கொண்டனர் என்று 2012 இல் அறியப்பட்டது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது: அரிகலத்தின் வேகம் அப்பொழுதும் தணியவில்லை. அரிப்பும் மிகுந்தது, ஆக்கமும் மிகுந்து அதனை ஈடுசெய்தது. அமெரிக்க, யப்பானிய விண்வெளி நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து, முதியோர்க்கு என்புத் தேய்வைத் தடுக்க நெடுநாளாக வழங்கப்படும் மருந்தொன்றை வீரர்க்கு வாரமொருமுறை கொடுத்துப் பார்த்தன. பயிற்சியோடு மருந்தும் சேர்ந்தபோது பயன் மேலும் கூடியது.

இவ்விடத்திலே கரடியை நினைத்தல் தகும். வட அமெரிக்கக் கருங்கரடி பனிக்காலத்தில் ஐந்தாறு திங்கள் உண்ணாமலும் நடவாமலும் குகையிற் கிடக்கின்றது. மனிதன் அங்ஙனங் கிடந்தால் என்பு நொய்தாகும். கரடியோ இளவேனிலில் எழுந்து, வலிகுன்றாத என்போடு நடந்து செல்கின்றது. உறக்கத்திலே அரிப்பையும் ஆக்கத்தையும் ஒருங்கே அடக்கிச் சமன்செய்யும் வித்தையை அது பெற்றிருக்கின்றது. அவ்வித்தையை அறிய ஆய்வாளர் கரடியின் குருதியை ஆராய்ந்து வருகின்றனர்.

மீண்டது எவ்வளவு? மீளாதது எது?

நிலத்துக்கு மீண்டபின் இழந்தது திரும்புமா? இவ்வினாவே யான் கற்றவற்றுள் என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. நீண்ட செலவு சென்ற நாற்பதுக்கு மேற்பட்ட வீரரின் அளவுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட முடிவின்படி, இழந்ததிற் பாதி மீளவே ஒன்பது திங்கள் செல்கின்றது. ஆறு திங்களில் இழந்ததை ஆறு திங்களில் மீட்டல் இயலாது என்பது கருத்து.

அளவு மீண்டால் போதுமா என்பது அடுத்த வினா. தொடையென்பை உள்ளும் புறமுமாக அளந்து பார்த்தபோது, ஓராண்டின் பின் என்பின் மொத்தத் திணிவு பெரும்பாலும் மீண்டிருந்தது; ஆயினும் என்பு சற்றுப் பருத்திருந்ததேயன்றி, அதன் அடர்த்தியும் வலியும் பழைய நிலையை எய்தவில்லை. 2022 இல் கனடா நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்தது. வீரர் 17 பேரை ஆராய்ந்ததில், மீண்டு ஓராண்டு சென்ற பின்னும் ஒன்பதின்மர்க்குக் கீழ்க்காலென்பு பழைய நிலைக்கு வரவில்லை. ஆறு திங்களுக்கு மேல் தங்கியோரிடம் இக்குறை மிகுந்திருந்தது. அவர் நிலையான இழப்பு, நிலத்தில் வாழ்வோர்க்கு ஏறத்தாழ பத்தாண்டு முதுமையால் வரும் இழப்புக்கு ஒப்பாகும் என்று கணித்தனர்.

சுவடி உவமையை ஈண்டு மீண்டுங் கொள்ளலாம். நூறு ஏடுள்ள சுவடியில் ஒவ்வோரேடும் சற்றே தேய்ந்திருந்தால், படியெடுத்துப் புதுக்கிவிடலாம். நடுவே பத்து ஏடுகள் முற்றும் அழிந்துபோயின், எஞ்சிய தொண்ணூற்றை எத்துணை அழகாகவும் தடிப்பாகவும் எழுதினும், அப்பத்து ஏட்டிலிருந்த பாடல்கள் திரும்பா. பார்த்தெழுத மூலம் இல்லை. என்பின் உள்ளே இருக்கும் நுண்சட்டங்களும் அத்தகையன. மெலிந்த சட்டம் மீண்டுந் தடிக்கும். இடையறுந்து போன சட்டம் மறுபடி இணைவது அரிது. அளவு மீளுதல் வேறு; அமைப்பு மீளுதல் வேறு. நிறுத்துப் பார்ப்போன் சுவடி முழுமையாயிற்று என்பான். படித்துப் பார்ப்போனுக்கே இடைவெளி தெரியும்.

செவ்வாயில் இறங்குவோர்

இஃது ஏதோ சிலருடைய உடற்குறை என்று விட்டுவிடத்தக்க காரியமன்று. 2024 யூன் மாதத்தில் எட்டு நாள் அளவுக்கென்று சென்ற சுனிதா வில்லியம்ஸ், புச் வில்மோர் ஆகிய இருவரும், சென்ற கலம் பழுதுற்றமையால் 286 நாள் விண்ணில் தங்கி, 2025 மார்ச் 18 ஆம் நாள் மீண்டனர். கலத்திலிருந்து வெளிவந்தவர்களைத் தாங்கிப் பிடித்துக் கொண்டு செல்ல ஆட்கள் காத்திருந்தனர். நீண்ட செலவு முடித்து மீள்வோர் அனைவர்க்கும் அவ்வுதவி வழக்கமாகச் செய்யப்படுவதே.

செவ்வாய்க் கோளுக்குச் செல்வோர்க்கு அவ்வுதவி செய்வார் யார்? போகும் வழி ஆறு முதல் ஒன்பது திங்கள். அவ்வளவும் நிறையின்மை. இறங்கியபின் தாங்கிப் பிடிக்க ஆங்கு எவருமில்லை. இறங்கிய அன்றே தம் காலில் நின்று, கனத்த உடையோடு, கரடுமுரடான தரையிலே தொழில் செய்தல் வேண்டும். ஒருவர் இடறி விழுந்து இடுப்பென்பு முறிந்தால் மருத்துவமனை பல கோடி கிலோமீற்றர் தூரத்தில். போய்த் தங்கி மீள மொத்தம் இரண்டரை, மூன்றாண்டு ஆகலாம். செவ்வாயின் ஈர்ப்பு நிலத்தில் உள்ளதில் நூற்றுக்கு 38 பங்கு. சந்திரனில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சுமை என்பைக் காக்கப் போதுமா? இதற்கு விடை சொல்ல இன்றுவரை சான்று எவரிடமும் இல்லை. 1969 முதல் 1972 வரை சந்திரனில் நடந்தோர் பன்னிருவரே. அவருள் நெடிது தங்கியோரும் மூன்று நாளுக்குச் சற்று மிகுதியாகவே தங்கினர். தூரத்தையும் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் போலவே, மனிதன் தன் சொந்த என்பையும் ஒரு தடையாக எதிர்கொள்ளுகின்றான்.

நம் வீட்டுக் கட்டில்

விண்ணிலே கற்ற இப்பாடம் மண்ணுக்கும் உரியது. ஸ்கிளெரொஸ்டினைக் கட்டுப்படுத்தினால் விண்ணில் என்பு தேயாதிருக்குமா என்று அறிய, 2011 யூலையில் அமெரிக்க விண்ணோடத்தின் இறுதிச் செலவிலே சுண்டெலிகளை அனுப்பிப் பார்த்தனர். அதே வழியிற் செயற்படும் மருந்தொன்று 2019 முதல் சில நாடுகளில், என்பு துளைபட்டு நொய்தாகும் நோயுற்ற மகளிர்க்கு வழங்கப்பட்டு வருகின்றது. விண்வெளி வீரர்க்கு நேர்வதை ஆராய, நோயற்றோரை இரண்டு மூன்று திங்கள் தலைப்பக்கம் ஆறு பாகை தாழ்ந்த கட்டிலிலே கிடத்திப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. 2005 இல் பிரான்சின் துலூஸ் நகரில் மகளிர் 24 பேர் 60 நாள் அங்ஙனங் கிடந்தனர். விண்ணை அறியக் கட்டிலும், கட்டிலை அறிய விண்ணும் உதவுகின்றன.

அக்கட்டில் நம் வீடுகளிலும் உண்டு. வயது முதிர்ந்த தாயோ தந்தையோ சற்றுத் தளர்ந்தவுடன், "அம்மா, நீங்கள் எழும்ப வேண்டாம், கிடவுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம்" என்று அன்பினாற் கூறுகின்றோம். கிணற்றடிக்குப் போக வேண்டாம், முற்றங் கூட்ட வேண்டாம், கோயிலுக்கு நடக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாய்த் தடுத்து, உண்ணும் உணவையும் கட்டிலடிக்குக் கொண்டுசென்று கொடுக்கின்றோம். சில திங்களில் அவர் உள்ளபடியே எழ இயலாதவராகின்றார். பின் ஒருநாள் எழ முயன்று வழுக்கி விழ, இடுப்பென்பு முறிகின்றது. முதியோர் பலர்க்கு அம்முறிவே இறுதிநோய்க்குத் தோற்றுவாய். நோயிலே ஓய்வு வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. எவர்க்கு எவ்வளவு அசைவு தகும் என்பதை மருத்துவரே கூறல் வேண்டும். ஆனால் தேவைக்கு மேற்பட்ட ஓய்வு அன்பின் கோலங்கொண்டு வருங் கேடு. இயன்ற அளவு நிற்கவும் நடக்கவும் அவர்க்குத் துணைநிற்றல் அதனினும் பெரிய அன்பு.

இளையோர்க்குக் கூறுவதும் ஒன்றுண்டு. என்பின் செல்வம் பெருகுவது இளமையில். முப்பதாம் ஆண்டை அண்மும்போது அது நிறைநிலை எய்தும். பின்னர்ச் செலவே. மைதானத்தில் ஓடிய ஓட்டமும் குதித்த குதிப்பும் பாடசாலை நாட்களோடு முடிந்துவிடுவனவல்ல. அறுபது எழுபது வயதில் எடுத்துச் செலவிடும் முதலாக அவை என்பிலே எழுதப்பட்டுக் கிடக்கும். பரீட்சையை முன்னிட்டு விளையாட்டு நேரத்தைக் குறைக்க எண்ணும் ஆசிரியரும் பெற்றோரும் இதனைக் கருத்திற் கொள்வாராக.

பாரம் என்னுஞ் சொல்லை நாம் துன்பத்துக்கே உவமையாக்கிப் பழகிவிட்டோம். பாரம் இறங்கிற்று என்றால் மகிழ்கின்றோம். என்பின் நூலிலே அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஆங்கே பாரம் உணவு; பாரம் கட்டளை; பாரம் உயிர். விண்வெளி வீரர் பெரும்பொருட் செலவில் வெற்றிட உருளைகளை அமைத்து, நாள்தோறும் இரண்டு மணிநேரம் வருந்தித் தேடும் அச்சுமை, படுக்கையைவிட்டு எழுந்து நிலத்திற் கால் வைக்கும் நமக்கு விலையின்றிக் கிடைக்கின்றது. நாளைக் காலையில் வீட்டிலுள்ள முதியவரின் கையைப் பிடித்து முற்றத்திலே நாலு அடி நடத்துவோமாயின், இக்கட்டுரையைப் படித்ததன் பயன் அதுவே.